குடை பிடித்தவர்களில் இடமிருந்து இரண்டாவது

“1997 மாசி. கல்வெட்டு வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம்: திதி இல்லை.”

மண்ணிற உறை ஒன்றின் மேல் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. உறைக்குள் கடவுச்சீட்டு அளவில் ஒரு படம், நான் எழுதிய சில பக்க வாழ்க்கைக் குறிப்பு, இரண்டாம் அடியோடு நின்றுபோன ஒரு வெண்பா.

ரொறொன்ரோவில் நான் பகலில் பார்த்த வேலை மார்க்கம் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டுவது. சம்பளமில்லாமல் பார்த்தது கல்வெட்டு எழுதுவது. எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதைத்தான் கல்வெட்டு என்கிறோம். இறந்தவரின் படம், வரலாறு, தேவாரம், குடும்ப விபரம், கடைசியில் நன்றி. படத்துக்குக் கீழே திதி வெண்பா வரும். எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பக்கம், அதாவது வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதியில் உயிர் பிரிந்தது என்று நான்கு அடியில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் திவசம் செய்வதற்கு அந்தத் திதிதான் ஆதாரம். நான் திகதிகளில் பிழை விடமாட்டேன் என்று பெயர் இருந்ததால் பலர் என்னிடம் வந்தார்கள்.

1996 கார்த்திகையில் வந்தவர் எங்கள் ஸ்காபறோக் கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருந்தவர். என்னைவிடச் சில வயது இளையவர். இரண்டு வேலை செய்து, ரூஜ் பகுதியில் புதிதாகக் கட்டும் வீடு ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருந்தார். நான் கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, தம்பிக்கு ஒரு கல்வெட்டு எழுதவேணும்.”

அவருடைய தம்பியை நான் பார்த்ததில்லை. ஆனால் நடந்தது கட்டடம் முழுவதற்கும் தெரியும். தம்பி 1992இல் கொழும்பிலிருந்து புறப்பட்டுப் பாரிஸ் போனவர். அங்கே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவருடைய மனைவியும் மகளும் வேறொரு வழியால் முதலே ரொறொன்ரோ வந்து அண்ணனோடு இருந்தார்கள். 1994 தை மாதம், பொங்கல் கழிந்து சில நாளில், ஏஜென்ற் ஒருவன் அவரோடு சேர்த்து ஐந்தாறு பேரை மலை எல்லை ஒன்றால் நடத்தி, அடுத்த நாட்டு விமான நிலையத்தில் ஏற்றப் பார்த்தான். முழங்கால் அளவு பனி. தம்பிக்குக் கால் விறைத்து நடக்க முடியாமல் போனது. மற்றவர்கள் அவரை ஒரு மரத்தடியில் இருத்தி, ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். அவர்களில் ஒருவன் பிறகு ஜேர்மனியிலிருந்து ஒருமுறை தொலைபேசியில் இதைச் சொன்னான். ஆள் அனுப்பினார்களா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. அதன்பின் அவனுடைய எண்ணும் வேலை செய்யவில்லை. உடல் கிடைத்ததாக எங்கிருந்தும் செய்தி வரவில்லை.

“மூண்டு வருசமாகப் போகுது. வீடு குடிபூர முன்னம் உந்தக் காரியத்தை முடிக்கவேணும். ஐயரும் சொல்லிப்போட்டார்.”

“என்ன திதியெண்டு எழுதிறது?”

“அதுக்குத்தானே உங்களிட்ட வந்தனான்.”

வருடம் ஸ்ரீமுக. மாதம் தை. பனியில் நிலா வெளிச்சம் பட்டு வழி தெரிந்தது என்று ஜேர்மனியிலிருந்து பேசியவன் சொன்னானாம். அப்படியானால் பூர்வபக்கம், பௌர்ணமிக்குக் கிட்ட. இவ்வளவையும் வைத்து இரண்டு அடி எழுதினேன். திதியில் நின்றது. திதி தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாம், வீட்டை விட்டுப் போன நாளின் திதியையும் எடுக்கலாம் என்று ஐயர் சொல்லியிருந்தார். செய்யலாம்தான். ஆனால் அச்சில் போட்டுவிட்டால் அது நடந்த நாள் ஆகிவிடும்.

வாழ்க்கைக் குறிப்பிலுள்ள திகதிகளைச் சரிபார்க்கத் தம்பியின் மனைவியிடம் போனேன். அவர் கோப்பிக் கடை ஒன்றில் காலை வேலை செய்துவந்தார். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. கலியாண வீடுகளில் சந்தனம் குங்குமத் தட்டோடு வருகிற பெண்கள் அவருக்கு முன்னால் வரும்போது ஒரு கணம் தயங்குவதை நானே கண்டிருக்கிறேன். நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் நீட்டுவார்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கல்வெட்டு வெளிவந்தால் இந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். தட்டு நேராக அடுத்த ஆளிடம் போகும்.

அவர் பக்கங்களை ஆறுதலாக வாசித்தார்.

“பிறந்த திகதி சரி, அண்ணை. கலியாணத் திகதியும் சரி. மற்றதை என்னட்டைக் கேக்காதேங்கோ. எனக்குத் தெரியாத ஒண்டுக்கு நான் எப்பிடி ஓம் சொல்லுறது?”

1997 மாசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஏழாம் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது வரவேற்பறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ரீச்சர் பிரெஞ்சுச் சனல் பார்க்கச் சொன்னதால், பத்து வயது மகள் அதைப் போட்டுவிட்டு வேறெதோ செய்துகொண்டிருந்திருக்கிறாள். உடுப்புக் கூடையோடு குறுக்கே போன தாய் திரையைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டு, வீடியோவுக்குள் கிடந்த ஒளிநாடா ரேப்பிலேயே பதிவுப் பொத்தானை அமத்தியிருக்கிறார்.

“அது என்ர கார்ட்டூன் ரேப், பெரியப்பா,” என்று மகள் முறைப்பட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

ரேப்பைத் திருப்பிப் போட்டார்கள். பொன் நிறச் சுவர்கள், தோட்டம், நடுவில் ஒரு கிழக்கத்திய அரசன். தலையில் இறகு, முகத்தில் வெள்ளைப் பூச்சு. இரண்டு பெண்கள் மாறி மாறிப் பாடினார்கள். புல்லாங்குழலும் சிறு மேளமும் ஒலிக்க ஒரு கூட்டம் ஓடிவந்து ஆடியது. அரசனுக்குப் பின்னால் நீண்ட காம்புள்ள குடைகளோடு நான்கு பேர். மேலுடம்பில் பொன் பூசியிருந்தார்கள். அவர்கள் பாடவில்லை, ஆடவில்லை. நிற்பதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. மூவர் எந்த நாட்டவரோ தெரியாது. இடமிருந்து இரண்டாவது ஆள் எங்கள் ஆள் என்பதில் அந்த அறையில் எவருக்கும் சந்தேகமில்லை. அந்தத் தம்பிதானா என்பதுதான் கேள்வி.

பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் கட்டடத்தில் இருந்தார். சமையல் வேலை செய்பவர். அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“லாச்சப்பலிலை எங்கட கடையளுக்கு முன்னால வந்து ஆள் பிடிப்பாங்கள்,” என்றார் அவர். “படத்துக்கு, நாடகத்துக்கு, உப்பிடி எல்லாத்துக்கும். அராபியெண்டாலும் நாங்கள்தான், இந்தியாவெண்டாலும் நாங்கள்தான். வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான்.”

“நீரும் போனீரோ?” என்று தமையன் கேட்டார்.

“ஒருக்காப் போனனான். யானைக்குப் பின்னங்கால்.”

ஒருவரிருவர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. றிமோட்டை எடுத்துச் சற்றுப் பின்னால் ஓட்டி, மீண்டும் விட்டார். அரசன் கையை உயர்த்துகிறான். மேடையில் எல்லோரும் குனிந்து வணங்குகிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆள் முதலில் பக்கத்து ஆளைப் பார்க்கிறார். அதன்பின்தான் குனிகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களோ? பக்கத்து ஆளைப் பாத்துப்போட்டுத்தான் குனியிறார். எங்கை போனாலும் இவருக்கு உதுதான் பழக்கம். பந்தியிலை மற்றவை கை வைச்ச பிறகுதான் தான் வைப்பார்.”

“கனநேரம் நிப்பாட்டி வைக்காதேங்கோ, தங்கச்சி,” என்றார் பாரிஸ்காரர். “ரேப் தேய்ஞ்சுபோகும்.”

தமையன் திரைக்குக் கிட்டப் போய் நின்றார். பிறகு குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“உவன்தான்,” என்றார். “உவன்தான். ஆனா எப்ப எடுத்தது?”

நான் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர் முந்திவிட்டார்.

“ரீவியிலை இண்டைக்குப் போட்டதெண்டால் இண்டைக்கு எடுத்ததே? அவன் பாரிசிலை இருக்கேக்கை எடுத்திருப்பாங்கள். அது எங்களுக்குத் தெரிஞ்ச காலம்தானே. தைக்கு முன்னமெண்டால் ஒண்டும் மாறாது. அண்ணை, நீங்கள் திகதி பாக்கிற ஆள். கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ.”

ரேப் முடிந்துவிட்டதால் கடைசியில் ஓடும் பெயர்கள் பதிவாகவில்லை. தொடக்கமும் இல்லை. என்ன படைப்பு என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமைகளை நகர நடுவிலுள்ள பெரிய நூலகத்தில் கழித்தேன். பழைய தொலைக்காட்சி அட்டவணையில் பெயர் கிடைத்தது. இசைப் பகுதியில் இருந்த அம்மையாரிடம் அதைக் கொடுத்தபோது, பாடகரைப் பற்றியா, நடன அமைப்பைப் பற்றியா வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். குடை பிடிப்பவர்களைப் பற்றி என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் ஏதாவது எடுத்து வைத்திருந்தார்.

இவ்வகைப் படைப்புகள் பிரெஞ்சு அரசர்கள் காலத்தவை. பாட்டும் ஆட்டமும் சம அளவில் இருக்கும். முதலில் தெய்வங்கள் வருகிற ஒரு முன்னுரை. பின்னர் மூன்று நான்கு தனித்தனிக் கதைகள், ஒவ்வொன்றும் ஒரு தூரதேசத்தில். ஒன்றிலுள்ளவர்கள் மற்றதில் வரமாட்டார்கள். எல்லாவற்றிலும் காதல் இருப்பதுதான் தொடர்பு. எழுதியவர்கள் அந்தத் தேசங்களை ஒருபோதும் பார்த்ததில்லை. ஏறத்தாழ இருநூறு வருடம் இவற்றைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில்தான் திரும்ப எடுத்து ஆடுகிறார்கள், சிலவற்றைப் படமும் பிடிக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் படித்துக் குறித்தேன். எனக்கு வேண்டியது ஒரு மாதம் மட்டும்.

பங்குனியில் ஒரு வெளிநாட்டு இசைச் சஞ்சிகையில் அந்த மேடையேற்றத்தைப் பற்றிய குறிப்பு கிடைத்தது. முதலில் ஆடியது 1993 வசந்தத்தில். 1994 இலையுதிர்காலத்தில் மீண்டும் ஆடினார்கள். இரண்டில் ஒன்றின்போது தொலைக்காட்சிக்காகப் படம் பிடித்தார்கள். எதன்போது என்று அதில் இல்லை. 1993இல் எடுத்த ஒரு படம் பக்கத்தில் இருந்தது. கறுப்பு வெள்ளை. நான்கு குடைகள் தெரிந்தன. குடைகளின் நிழலில் முகங்கள் தெரியவில்லை.

தை 1994 இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

ஏழாம் மாடிக்குப் போய் இரண்டையும் சொன்னேன். தமையன் கதிரையிலிருந்து முன்னே சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் மனைவி சுவரோடு நின்றார். மகள் மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“இலையுதிர்காலமெண்டால் அவர் மலையிலை சாகேல்லை,” என்றார் அந்தப் பெண். “திரும்பிப் பாரிசுக்குப் போயிருக்கிறார்.”

“போனவன் ஏன் ரெலிபோன் எடுக்கேல்லை?” தமையனின் குரல் உயரவில்லை. “நம்பர் மாறினதோ? உவனுக்காகத்தானே நான் அதை மாத்தாமல் வைச்சிருக்கிறன். கால் விறைச்சுக் கிடந்தவன் எழும்பிப் போய்ப் பொன் பூசிக்கொண்டு குடை பிடிக்கலாம், உங்களுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுக்கேலாதோ? இந்தா, இந்த ரேப்பிலை இருக்கிறது ஒண்டில் செத்தவன், இல்லாட்டி உன்னை விட்டிட்டுப் போனவன். எதெண்டு நீயே சொல்லு, பிள்ளை.”

நூலகத்திலிருந்து வரும் வழியில், பேருந்தில், எனக்கும் இது தோன்றியிருந்தது. அவர் சொல்லமாட்டார் என்று நினைத்திருந்தேன்.

“எடுக்காட்டிலும் பரவாயில்லை,” என்றார் அந்தப் பெண். “இருந்தாச் சரி.”

“விசர்க்கதை கதையாத.”

“ஆரோட இருந்தாலும் சரி, அத்தான். நான் ஒண்டும் கேக்கமாட்டன். இருந்தாச் சரி.”

“எனக்குச் சரியில்லை,” என்றாள் மகள், கொப்பியிலிருந்து தலை எடுக்காமல்.

நான் பிரெஞ்சுச் சனலுக்கு எழுதினேன். சித்திரையில் பதில் வந்தது. படத்தின் உரிமை ஆண்டு 1995 என்றும், ஒளிப்பதிவுத் திகதி தங்களிடம் இல்லை என்றும், மீண்டும் ஒளிபரப்பும் எண்ணம் இல்லை என்றும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். உரிமை ஆண்டு படம் வெட்டி ஒட்டி முடிந்த ஆண்டு. இரண்டு திகதிக்கும் அது பொருந்தும். படம் எடுத்த பாரிஸ் நிறுவனத்துக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது, அந்த முகவரியில் இப்போது எவரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. பாரிஸ்காரர் லாச்சப்பலில் தெரிந்தவர்களிடம் விசாரித்தார். குடை பிடிக்கப் போன பெடியன்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் யார் எந்த வருடம் போனது என்று யார் நினைவு வைத்திருப்பார்கள்?

வைகாசியில் ரூஜ் வீட்டுக் குடிபூரல். இன்னும் புல் போடாத முற்றத்தில் சேறு. சப்பாத்துகளைக் கராஜுக்குள் கழற்றச் சொன்னார்கள். பால் காய்ச்சி முடிந்ததும் தமையனின் மனைவி குங்குமத் தட்டோடு பெண்கள் பக்கம் வந்தார். தம்பியின் மனைவி படிக்குக் கிட்ட நின்றார், மகளைப் பிடித்துக்கொண்டு. தட்டு ஒவ்வொருவராக வந்தது. அவருக்கு முன்னால் வழக்கமாக வரும் தயக்கம் அன்று வரவில்லை. தட்டு நிற்காமல் அடுத்த பெண்ணிடம் போனது.

அவர் அதைப் புரிந்துகொண்ட நேரத்தை நான் பார்த்தேன். கூட்டத்துக்குள்ளால் நடந்து தமையனிடம் போனார்.

“அத்தான், எப்ப செய்தனீங்கள்?”

அவர் மறைக்கவில்லை. “சித்திரை அமாவாசைக்கு. றிச்மண்ட் ஹில் கோயிலிலை. ஐயாவுக்குத் திவசம் செய்யேக்கை அவனுக்கும் சேத்துச் செய்தனான்.”

“என்னட்டைச் சொல்லேல்லை.”

“சொன்னால் விடுவியே? என்ர கூடப்பிறந்தவன் அந்தப் பனிக்குள்ள இருக்கிறான், பிள்ளை. மூண்டு வருசமா ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் இருக்கிறான். உனக்கு அவன் உயிரோட வேணும். எனக்கு அவனை அந்த மரத்தடியாலை எழுப்பவேணும்.”

அந்தப் பெண் திரும்பி வந்து, தமையன் மனைவியின் தட்டிலிருந்து தானே ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்துப் பொட்டின் மேல் வைத்தார். கொஞ்சம் மூக்கிலும் கொட்டியது. மகளின் சப்பாத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். சாப்பிடாமல் போனார்கள். பேருந்து வரும் வீதி அங்கிருந்து நெடுந்தூரம். தமையன் என்னிடம் காரில் கொண்டுபோய் விடச் சொன்னார். கட்டட வாசலில் இறக்கிவிட்டேன்.

அவர்களுக்கென்று ரூஜ் வீட்டில் ஒதுக்கியிருந்த அறைக்கு அவர்கள் போகவே இல்லை. தம்பியின் மனைவி எங்கள் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் ஓர் அறை உள்ள வீட்டை எடுத்தார். ஏழாம் மாடி இலக்கத்தையே கேட்டு வாங்கித் தன் தொலைபேசிக்கு மாற்றிக்கொண்டார்.

ரேப்பைக் கடையில் கொடுத்து ஒரு கொப்பி எடுத்து வைப்போம் என்று பலமுறை சொன்னேன். அதைக் கையால் விடமாட்டார். வேலையால் வந்ததும் அந்த இடத்துக்கு ஓட்டி, நிறுத்திப் பார்ப்பார் என்று மகள் சொன்னாள். “எவ்ரி டே, அங்கிள்,” என்றாள். இருந்து பார்ப்பதில்லையாம், நின்றுகொண்டே பார்ப்பாராம்.

1999இல், குளிர் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, வீடியோ பழுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

வீடியோ பழுதில்லை. அரசன் பாடுகிறான், தெளிவாகத் தெரிகிறான். கூட்டம் ஆடுகிறது. அரசன் கையை உயர்த்துகிற இடம் வந்ததும் திரை முழுவதும் வெள்ளைப் பொறிகள், காற்றில் அடித்துக்கொண்டு போகிற பனி மாதிரி. பிறகு படம் திரும்பி வருகிறது. எல்லோரும் ஏற்கெனவே குனிந்து நிற்கிறார்கள். நான்கு குடைகளின் நுனி தெரிகிறது. யார் முதலில் குனிந்தது, யார் பிந்திக் குனிந்தது என்று சொல்ல வழியில்லை.

“தேய்ஞ்சுபோச்சு,” என்றேன்.

“நான்தானே தேய்ச்சனான்,” என்றார். பிறகு, “பரவாயில்லை, எனக்கு அது மனப்பாடம்,” என்றார். வீடியோவை நிறுத்தினார். ரேப்பை வெளியே எடுத்து உறைக்குள் போட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தார்.

தமையன் ஒவ்வொரு சித்திரை அமாவாசைக்கும் கோயிலுக்குப் போகிறார். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கல்வெட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெண்பா ஸ்ரீமுக வருடம், தை, பூர்வபக்கம் வரை வந்து நிற்கிறது. உறையின் பின்பக்கத்தில் பின்னர் ஒரு வரி எழுதினேன்: “ஒளிப்பதிவு 1993 வசந்தத்திலா, 1994 இலையுதிர்காலத்திலா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.”